நான் தெரிந்து கொடுத்த சிவப்பு லிஃப்ட்

இன்று லா சப்பலில் ஒரு தமிழ்க் கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். கனடாவிலிருந்து மனைவியின் தம்பி ரூபன் வீடியோவில் வந்தான்.

பனியில் ஓடும் ஸ்னோமொபைல் ஒன்று வைத்திருக்கிறான். அதை வீட்டுக் கராஜில் தூக்கி வைத்துத் திருத்த எந்த லிஃப்ட் நல்லது என்று போன வாரம் இரண்டு படம் அனுப்பிக் கேட்டான். நான் ஸ்னோமொபைலைக் கண்ணாலும் கண்டதில்லை. ஆனால் அத்தான் என்று ஒருவன் கேட்கும்போது தெரியாது என்று சொல்ல வாய் வருமா?

"சிவப்பை எடு" என்றேன். நிறம் எடுப்பாக இருந்தது. இன்று அதில் வண்டியை ஏற்றி வைத்துவிட்டுத்தான் அழைத்திருந்தான்.

"அத்தான், நீங்கள் சொன்ன லிஃப்ட்! எப்பிடித் தூக்குது, பாருங்கோ!"

போனைச் சாத்தி வைத்துவிட்டு வண்டிக்குக் கீழே புகுந்துவிட்டான். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"பெட்டியிலை ஒரு கம்பி மிச்சமாக் கிடக்குது. அது என்னத்துக்கு?"

அவன் அனுப்பிய படத்தில், லிஃப்ட் இறங்காமல் தடுக்க ஒரு கம்பி குறுக்கே செருகியிருந்தது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"வெளியாலை வாடா!" என்று கத்தினேன். படம் அப்படியே நின்றுவிட்டது. திரையில் இரண்டு கால்கள் மட்டும்.

கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "கால் அசையேல்லையே, அண்ணை."

அந்த நேரம் பார்த்து மனைவி அழைத்தாள். அதை எடுக்கப் போய்த் தேநீரைக் காற்சட்டையில் கொட்டினேன். அவளுக்கு என்ன சொல்வேன்?

"தம்பி எனக்குப் போன் எடுத்தவன். உங்கடை போன் நிண்டிட்டுதாம். கம்பியைப் போட்டிட்டானாம். லிஃப்ட் திறமாம். அவன்ரை சிநேகிதன்மாரும் உங்களிட்டைக் கேட்டுத்தான் வாங்கப் போகினமாம்."

லிஃப்ட் பற்றி உண்மையிலேயே தெரிந்தவர்கள் உடனே கீழே எழுதுங்கள். நிறம் மட்டும் வேண்டாம், அதில் நான் தேர்ந்தவன்.