தொலையாத சுண்ணாம்பு டப்பி

எனக்கு எழுத்துக் கிடையாது. பஸ்ஸைக்கூட நிறம் பார்த்துத்தான் ஏறுவேன். ஆனால் எட்டு வயதில் ஒரு சுண்ணாம்பு டப்பியைத் தேடி நடந்த பாதை மட்டும் கல் கல்லாக ஞாபகம் இருக்கிறது. பஸ் நிற்கிற திருச்சுழி ரோட்டு விலக்கிலிருந்து எங்கள் ஊர் வரைக்கும், ஒரு மைல்.

தாத்தா, என் அம்மாவைப் பெற்றவர், கரிமூட்டம் போடுகிறவர். சீமைக்கருவேல விறகை அடுக்கி, மண் பூசி, உள்ளே நெருப்பு வைத்துவிட்டு, கரியாகிற வரைக்கும் பக்கத்திலேயே கிடப்பார். வெளியே வருகிற புகையின் நிறத்தைப் பார்த்தே உள்ளே எவ்வளவு வெந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அத்தனை வருஷப் புகையும் அவர் நெஞ்சில்தான் போய்த் தங்கியது. அறுபதைத் தாண்டியதும் இளைப்பு வந்தது. கொஞ்சம் நடந்தால் உள்ளே பூனைக்குட்டி முனகுகிற மாதிரி ஒரு சத்தம். அருப்புக்கோட்டை டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இது டி.பி. இல்லை, யாருக்கும் ஒட்டாது, புகை தின்ற நுரையீரல், இனி மூட்டத்துப் பக்கமே போகக் கூடாது என்றாராம். அந்தப் படத்தை அம்மா குலுக்கைக்குள், கம்புத் தானியத்துக்கு அடியில் ஒளித்துவைத்தாள். வெயிலில் பிடித்தால் தாத்தாவின் விலா எலும்பெல்லாம் தெரியும். ஒரு தடவை எடுத்து ஆட்டுக்குட்டிக்குக்கூடக் காட்டினேன். அதற்கு வாங்கிய அடி தனிக்கதை.

ஒளித்தது சித்திக்காக. ஊரில் யார் இருமினாலும் டி.பி.தான். சித்திக்கு அமைந்த ஒரு சம்பந்தம் அந்தப் பேச்சிலேயே கலைந்துபோயிருந்தது. அடுத்ததாக, பாலவனத்தத்திலிருந்து மாப்பிள்ளையின் அப்பா வீடு பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார். பெண்ணைப் பெற்றவர்தான் பஸ் நிற்கிற இடத்துக்குப் போய், முன்னால் நடந்து கூட்டிவர வேண்டும். வேறு ஆளை அனுப்பினால், அவருக்கு என்ன என்று கேள்வி வரும். தாத்தாவே கிளம்பினார். அம்மா எனக்குத் தலைவாரிவிட்டு, தாத்தா இருமினால் நீயும் கூடவே இரும வேண்டும், புழுதி என்று நினைத்துக்கொள்வார்கள் என்றாள். வீட்டிலேயே நாலு தடவை இருமிக் காட்டினேன். நன்றாகவே வந்தது.

பஸ்ஸிலிருந்து இறங்கியவருக்கு வேட்டி சட்டையும் வெள்ளை, சிரித்தால் பல்லும் பளீரென்று வெள்ளை. பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்ந்தவர்.

கொஞ்ச தூரத்தில் தாத்தா நின்றுவிட்டார்.

"தாயி, சுண்ணாம்பு டப்பி எங்கனயோ விழுந்துபோச்சு. வந்த வழியப் பாரு."

தேடுவதில் எனக்கு நிகர் கிடையாது. கருவேல முள், ஆட்டுப் புழுக்கை, ஒரு ஊக்கு எல்லாம் கிடைத்தது. டப்பி இல்லை. திரும்பி வந்தால், மடியிலேயே இருந்துவிட்டது என்று சிரித்துக்கொண்டு நடந்தார். ஓடைப் பாலத்தில் மறுபடியும் விழுந்துவிட்டது என்றார். மறுபடியும் ஓடினேன். மறுபடியும் மடியில்தான் இருந்ததாம்.

மூன்றாவது, கண்மாய்க் கரை ஏறினதும். இந்தத் தடவை நான் ஓடவில்லை. வேட்டி மடிப்பில் டப்பி புடைத்துக்கொண்டிருந்தது.

"ஒங்க மடியிலதான இருக்கு தாத்தா. நீங்க தொலைக்கவே இல்ல."

கண்டுபிடித்த பெருமையில் சத்தமாகத்தான் சொன்னேன். தாத்தா வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தபடி நின்றார். இருமல் வந்தது. நானும் கடமை தவறாமல் கூடவே இருமினேன்.

வந்தவர் என்னைப் பார்த்தார், தாத்தாவைப் பார்த்தார். பையைக் கீழே வைத்துவிட்டுக் கரையிலேயே உட்கார்ந்தார்.

"தொலைச்சது அவுக இல்ல தாயி, நான். என் டப்பியத்தான் காணோம். மெதுவாத் தேடு, அவசரமில்ல." அப்புறம் தாத்தாவிடம், "உக்காருங்க சம்பந்தி. பிள்ள தேடட்டும்" என்றார்.

தாத்தா அவர் பக்கத்தில் உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். ஆலையில் தன் கூட நின்ற ஆட்கள் நெஞ்சிலும் இந்தச் சத்தம் கேட்டிருப்பதாக வந்தவர் மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது. எந்தச் சத்தம் என்று நான் கேட்கவில்லை. எனக்கு டப்பிதான் பெரிது. புல்லை விலக்கி, கல்லைப் புரட்டி, ஓடைப் பாலம் வரைக்கும் போய்த் தேடினேன். கிடைக்கவில்லை. அழுகையே வந்துவிட்டது.

ஆவணியில் கல்யாணம். அதற்கப்புறம் தாத்தா ஒரு மழைக்காலம்தான் இருந்தார். ஆனால் கல்யாணத்தன்று பந்தலில் சம்பந்திக்குப் பக்கத்து நாற்காலி அவருக்குத்தான். வெற்றிலைத் தட்டு வந்தபோது சம்பந்தி அதைத் தாத்தா பக்கம் நகர்த்திவிட்டு, தனக்கு இந்தப் பழக்கமே கிடையாது என்றார்.

எனக்கு வந்ததே கோபம். நேராக அம்மாவிடம் ஓடினேன்.

"வெத்தலையே போடாத மனுசன், டப்பியத் தொலச்சேன்னு பொய் சொல்லி என்னைய வெயில்ல தேடவிட்டாகம்மா."

அம்மா எங்கே, எப்போது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். கேட்டுவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். வெயிலில் நான் பட்ட பாட்டுக்குத்தான் அழுகிறாள் என்று நினைத்தேன்.

"விடும்மா, எனக்குக் காலு ஒண்ணும் வலிக்கல" என்றேன்.