நூற்றுப் பதினான்கு மனைவிமாரைத் தொலைத்தவர்

என் கணவர் கனகசுந்தரம் துறைமுக அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் கிளார்க்காக இருந்தவர். ஐம்பத்தைந்தில் ஓய்வு பெற்றதும் கொம்தார் கடைத்தொகுதிக்குப் போய் ஒரு கணினியும், பெர்ல் என்ற நிரல்மொழியைப் பற்றித் தலையணைப் பருமனில் ஒரு புத்தகமும் வாங்கிவந்தார். ஆயர் ஈத்தாம் பிளாட்டில் எங்கள் சாப்பாட்டு மேசையின் பாதி அன்றோடு பறிபோனது. மீதிப் பாதியில் சாப்பிட்டோம்.

"ஒரு வரி எழுதினால் பத்துக் கிளார்க்கின்ர வேலையை இது செய்யும்," என்பார்.

"அப்ப பத்துப் பேரும் எங்க போறது?"

"என்னை மாதிரி வீட்டில இருக்கட்டும்."

"ஐயோ, பாவம் அந்தப் பத்து மனிசிமார்," என்றேன்.

தொண்ணூற்றாறாம் ஆண்டில் அவருக்கு உண்மையான வேலை ஒன்று வந்தது. எங்கள் யாழ்ப்பாணத் தமிழர் சங்கம் குடும்பப் பெயர்ப் புத்தகம் போட்டு, ஆண்டு விருந்தில் கொடுப்பதாக இருந்தது. பழைய பதிப்பில் ஆண்களின் பெயர் மட்டுந்தான். பெண்கள் பிரிவுத் தலைவி வள்ளிநாயகி அக்கா இந்த முறை கூட்டத்தில் எழுந்து, "பொம்பிளையளின்ர பேர் இல்லாத விருந்துக்குப் பொம்பிளையள் சமைக்க மாட்டினம்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

செயலாளர் கந்தப்பு அண்ணர் மூன்று மாதம் வீடு வீடாகத் தாள் அனுப்பிப் பெயர்களைச் சேர்த்தார். பழைய பட்டியல் இருந்த டிஸ்கெட்டிலேயே அவற்றைத் தட்டி ஏற்றினார். பிறகு தாள்களைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டார்.

அந்தப் பட்டியலில்தான் தொல்லை. முன்பு அச்சடித்தவர்கள் தங்கள் இயந்திரத்துக்கு இட்ட கட்டளைகள், தடித்த எழுத்து, புதுப் பத்தி என்று, வரிக்கு நாலைந்து ஒட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் எதிரெதிரே வாய் பிளந்து நிற்கும் இரண்டு மீன்களைப் போன்ற கோண அடைப்புக்குறிக்குள் இருந்தது. புது அச்சகத்துப் பக்கிரிசாமி அதைப் பார்த்துத் தலையில் கை வைத்தார்.

"அண்ணே, இந்தக் குப்பைய எல்லாம் எடுத்துட்டுக் குடுங்க லா. திங்கக்கிழம காலையில மெஷின்ல ஏத்தணும். இல்லாட்டி விருந்துக்குப் புக் இல்ல."

இவர் வெள்ளிக்கிழமை மாலை உட்கார்ந்தார். முதலில் தாமே மூன்று வரி தட்டிச் சோதித்தார். அடைப்புக்குறி திறந்ததிலிருந்து மூடும் வரை அழி என்று கட்டளை. அது பேராசை பிடித்து, வரியின் முதல் குறி தொடங்கிக் கடைசிக் குறி வரை, நடுவிலிருந்த மனிதரையும் சேர்த்து விழுங்கிவிட்டது. புத்தகத்தைப் புரட்டி ஒரேயொரு கேள்விக்குறியைச் சேர்த்தார். இப்போது கட்டளைகள் மட்டும் போயின. "பாத்தீரோ! கொஞ்சமாத் தின் எண்டு சொல்லிக் குடுத்தாச்சு!" என்று எழும்பி நின்றார். நகல் எதுவும் எடுக்காமல் டிஸ்கெட்டின் மேலேயே அதை ஓட்டினார்.

பட்டியல் குழந்தையைக் குளிப்பாட்டியது போலச் சுத்தமாக வந்தது. நான் வாசித்துப் பார்த்தேன்.

"பொம்பிளையள் எங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கந்தப்பு அண்ணருக்குப் போன் போட்டார்.

"மனிசிமாரின்ர பேரை எதுக்குள்ள போட்டனீர்?"

"வளைஞ்ச பிராக்கெட்டில ஊர் கிடக்குதே, வேலணை, காரைநகர் எண்டு. அதால கூர் பிராக்கெட்டில போட்டனான். வடிவா இருந்துதே. ஏன்?"

"குப்பையோட அழிஞ்சு போட்டுது."

"என்ர மனிசியுமோ?"

"ஒருத்தரும் தப்பேல்லை. நூற்றுப் பதினாலும்."

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவர் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் எடுத்தார். நான் பக்கத்தில் இருந்து எழுதினேன். எடுத்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். பாதிப் பேருக்கு மனைவியை வீட்டில் கூப்பிடும் பெயர்தான் தெரியும். "பேபி எண்டு போடும்." பேபி மட்டும் ஒன்பது பேர். மற்றவர்கள் மனைவியின் பெயரை வாயால் சொல்லிப் பழகாதவர்கள். "இஞ்சேரும்! உம்மட பேர் என்ன எண்டு கேக்கினம்!" என்று குசினிப் பக்கம் கத்துவது எங்களுக்குக் கேட்கும். வந்த பெண்கள் பெயரைச் சொல்லிவிட்டுப் போய்விடவில்லை. ஒருவர் தன் முழங்கால் வலியைப் பற்றி இருபது நிமிடம் சொன்னார். கந்தப்பு அண்ணர் மட்டும் நாற்பது வருடத்தில் முதல் தடவையாகத் தாமே, "கனகேஸ்வரி," என்றார். உடனே போனை வைத்துவிட்டார்.

திங்கள் காலை டிஸ்கெட் அச்சகத்துக்குப் போனது. பெண்கள் சமைத்தார்கள். விருந்தில் வள்ளிநாயகி அக்கா தன் பெயரைத் தடவிப் பார்த்தார். எல்லோரும் இவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அப்போது சிவகுருநாதன் மாஸ்டர் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"சுந்தரம், நீர் எப்பவடாப்பா தனிக்கட்டையானீர்?"

நான் பக்கத்தில் இருந்து வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

எல்லா வீட்டுக்கும் போன் எடுத்தவர், எங்கள் வீட்டுக்கு எடுக்கவில்லை. எழுதிய எனக்கும் அது தோன்றவில்லை.

அன்றே மண்டபத்தின் மூலையில் உட்கார்ந்து, மற்றவர்களுடைய முந்நூறு பிரதியிலும் நீலப் பேனாவால் கமலாம்பிகை என்று எழுதினார். சாப்பிட வரச் சொன்னதற்கும் வரவில்லை. கூர் பிராக்கெட்டுக்குள்தான் எழுதினார். அதில் பிடிவாதம்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிரதியில் மட்டும் எழுதவில்லை. கேட்டேன்.

"உம்மட பேர் உமக்குத் தெரியுந்தானே?" என்றார்.

அவர் போய், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்து, வந்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். மேசை முழுதும் இப்போது எனக்குத்தான். புத்தகத்தில் அந்த வரியைத் திறந்து வைத்திருக்கிறேன். கனகசுந்தரம், காரைநகர், பிறகு வெறும் தாள். நீலப் பேனா மேசை லாச்சிக்குள்தான் கிடக்கிறது. நான் எடுக்கவில்லை.