கற்பூரத்தின் முன் நான் கத்திய சொல்

போன சித்திரையில் என் வீட்டுக்காரர் சவரி அரிவாளைத் தீட்டினார். தடுக்க எனக்குத் தெம்பில்லை. ஆண்டவர் தடுத்தார். அதைச் சொல்லத்தான் இந்த ஜெபக் கூட்டத்தில் உங்கள் முன் நிற்கிறேன்.

குரும்பலூர் பக்கம் எங்கள் வெங்காயக் காடு. அடுத்த காட்டுக் கோவிந்தன் அண்ணன் விதைக்காகச் சின்ன வெங்காயத்தைக் காட்டிலேயே குவித்துப் பட்டறை போட்டுக் கீற்று மூடி வைத்திருந்தார். அது ஒரு சாயங்காலம் எரிந்துபோனது. “சவரிதான் கொளுத்துனான், என் கண்ணால பாத்தேன்” என்றார் அவர் மச்சான் செல்வராசு. அந்த நேரம் என் வீட்டுக்காரர் எங்கள் கிணற்றடியில் தனியாக இருந்தார். யார் சாட்சி சொல்வார்கள்?

ஊர்க்கூட்டத்தில், கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னார்கள். நாங்கள் வேதக்காரர்கள். “எங்க மாதா கோயில்ல வந்து சொல்றேங்க, இது வேணாம்” என்றார் இவர். “மடியில கனம், அதான் வழியில பயம்!” என்று சிரித்துவிட்டார்கள். மறுநாள் வரை கெடு. அவமானத்தில் இவருக்குச் சோறு இறங்கவில்லை. “பொய் சொன்ன வாய வெட்டிட்டு நானே ஸ்டேஷனுக்குப் போறேன்டி” என்றார்.

ஜெபமாலை எடுத்தேன், வாயில் ஒன்றும் வரவில்லை. தவக்கால வகுப்பில் எங்கள் பங்குச் சாமியார் சொன்னது மட்டும் நினைவுக்கு வந்தது. எபிரேயத்தில் ‘ஹாமாஸ்’ என்று ஒரு சொல்லாம். செய்தியில் வரும் பெயர் வேறு, இது வேறு. நோவா காலத்தில் பூமி நிறைந்திருந்த வன்முறைக்கு அதுதான் சொல். “அடிக்கிறது வெட்டுறது மட்டுமில்லம்மா, பொய்ச் சாட்சிக்கும் வேதத்துல அதே வார்த்தைதான். யோபு ஆண்டவர் மேலயே கோவப்பட்டு, ‘கொடுமை’னு அதத்தான் கத்துறாரு” என்றார்.

மறுநாள் கற்பூரம் ஏற்றினார்கள். இவர் கை முதுகுப்பக்கம் போனது. சட்டைக்குள் அரிவாள் இருப்பது எனக்கு மட்டும்தான் தெரியும். பொய்யும் ஹாமாஸ், இந்த வெட்டும் ஹாமாஸ், இரண்டுக்கும் நடுவில் நான். “ஆண்டவரே, கொடுமை! கொடுமை!” என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

ஊர்ப் பெரியவர் என்னைப் பார்த்துவிட்டுச் செல்வராசு பக்கம் திரும்பி, “ஏம்ப்பா செல்வராசு, பாத்தவன் நீதான? நீ அணை” என்றார். அதுவரை யாருக்கும் அது தோன்றவில்லை.

செல்வராசு கையை நீட்டினார். அணைக்காமல் இழுத்துக்கொண்டார். கற்பூரம் தானாகவே எரிந்து தீர்ந்தது. “மூஞ்சியப் பாக்கலங்க... ஓடுன ஆளு சட்டை இவரு சட்டையாட்டம் இருந்துச்சு” என்று அழுதார்.

இவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். அரிவாள் நழுவி எல்லார் முன்னும் விழுந்தது. கோவிந்தன் அண்ணன்தான் அதை எடுத்து என்னிடம் கொடுத்தார். “வூட்டுக்கு எடுத்துட்டுப் போ தங்கச்சி” என்றார்.

யார் கொளுத்தியது என்று இன்றுவரை தெரியாது. எங்கள் பட்டறையிலிருந்து அண்ணனுக்கு விதை வெங்காயம் கொடுத்தோம். செல்வராசுதான் வந்து மூட்டையைத் தூக்கினார். முன்கோபக்காரரான என் வீட்டுக்காரர் அவருக்குத் தண்ணீர் மோந்து கொடுத்தார். பார்த்துக்கொண்டே நின்றேன், கண்ணீர் நிற்கவில்லை. ஆண்டவருக்கு நன்றி.

ஜெபிக்க வார்த்தை வரவில்லை என்று யாரும் வாயை மூடிக்கொள்ளாதீர்கள். உங்களுக்கு நடந்தது கொடுமை என்றால், கொடுமை என்றே அவரிடம் கத்துங்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். என்னிடம் கோபித்துக்கொள்ளவில்லையே.