இரண்டாம் வாய்ப்பாட்டில் தூங்கியவன்

என் தம்பியைப் பெற்றது அம்மா. மற்ற வேலையெல்லாம் என்னுடையது. எனக்கு ஏழு வயது, அவனுக்கு ஒன்றரை. நடக்கத் தெரிந்த பிறகும் என் இடுப்பைவிட்டு இறங்க அவனுக்கு மனமில்லை. ஜீவனஹள்ளியில் எங்கள் சந்துப் பெண் பிள்ளைகள் எல்லோரும் அப்போது ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் நடப்போம்.

அம்மா பிரேசர் டவுனில் இரண்டு வீடுகளில் பாத்திரம் தேய்த்தாள். தம்பி கண் விழிக்கும் முன் கிளம்பினால் விளக்கு வைத்த பிறகுதான் திரும்புவாள். அப்பாவுக்கு ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கும் வேலை. எல்லாக் குழந்தைகளும் கட்டாயம் பள்ளிக்கூடம் போக வேண்டும் என்று சர்க்கார் சொல்லத் தொடங்கியிருந்த காலம் அது. உலகம் முழுக்கவே அப்படித்தான் சொல்கிறார்களாம். அதை எங்கள் சந்துக்குச் சொல்ல, ஒரு ஞாயிற்றுக்கிழமை, குடையும் கையுமாக ஒரு டீச்சர் வந்தார்.

அம்மா அவரை உட்காரவைத்து, காபி கொடுத்துவிட்டுக் கேட்டாள்:

"இவ இஸ்கூலுக்கு வந்துட்டா இந்தப் புள்ளய யாரு தூக்கறது, டீச்சரம்மா? நான் வேலைக்குப் போவாம ஊட்லயே குந்திக்கினா அடுப்பு எரியுமா?"

டீச்சர் தம்பியைப் பார்த்தார். அவன் அவருடைய குடையைப் பிடுங்குவதில் மும்முரமாக இருந்தான்.

"அவனையும் தூக்கிட்டு வரட்டும்."

"இஸ்கூலுக்கா?"

"இஸ்கூலுக்குத்தான். உங்க பழைய புடவை ஒண்ணு மட்டும் குடுத்தனுப்புங்க."

அப்படித்தான் டீச்சருடைய தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் எங்கள் முதல் வகுப்பின் உத்தரத்திலிருந்து தூளி தொங்க ஆரம்பித்தது. என்னைப் பார்த்து இன்னும் இரண்டு பெண்கள் தங்கள் வீட்டுக் குழந்தைகளோடு வந்தார்கள். மூன்று தூளி, மூன்று நிறம். தூளியில் கட்டிய கயிற்றைக் கால் கட்டைவிரலில் மாட்டி ஆட்டிக்கொண்டே சிலேட்டில் எழுதுவோம். இன்றைக்கும் நான் கவனமாக எதையாவது எழுதினால் என் வலது கால் தானாக ஆடும். வீட்டில் கேலி செய்கிறார்கள். செய்யட்டும்.

வகுப்புச் சுவரில் ஒரு படம் ஒட்டியிருந்தது. பல தேசத்துக் குழந்தைகள், விதவிதமான தொப்பியும் சட்டையுமாகச் சிரித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போகும் படம். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதில் ஒருத்தியின் இடுப்பிலும் குழந்தை கிடையாது. இவர்களெல்லாம் தம்பியை யாரிடம் விட்டுவிட்டு வந்தார்கள் என்று நான் ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன்.

ஹெட்மாஸ்டருக்குத் தூளிகளைக் கண்டால் ஆகாது. நல்ல மனிதர்தான், ஆனால் பயந்தவர். இன்ஸ்பெக்டர் வரும் நாள் நெருங்கியதும் டீச்சரைக் கூப்பிட்டுக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அன்றைக்குத் தூளி எதுவும் கண்ணில் படக்கூடாது. குழந்தை விஷயம் தெரிந்து இன்ஸ்பெக்டர் ஏதாவது சொன்னால், மறுநாளிலிருந்து அந்த மூன்று பெண்களும் வர வேண்டாம். ஜன்னலுக்கு வெளியே நின்று நான் இதைக் கேட்டுவிட்டேன். நான் அப்போதுதான் என் பெயரைப் பிழையில்லாமல் எழுதக் கற்றிருந்தேன்.

டீச்சர் மறுபடியும் எங்கள் வீட்டுக்கு வந்தார். இன்ஸ்பெக்டர் வரும் அன்று மட்டும் அம்மா வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு, பள்ளிக்கூடத்தின் பின்னால் மரத்தடியில் மூன்று குழந்தைகளையும் பார்த்துக்கொள்வது என்று ஏற்பாடாயிற்று. அம்மாவுக்கு இதில் ஒரு கஷ்டமும் தெரியவில்லை.

"பெத்தவளுக்குப் புள்ளயப் பாத்துக்கத் தெரியாதா?" என்றாள்.

தெரியவில்லை. பகலில் அம்மா என்று ஒருத்தி இருப்பதே தம்பிக்குப் புதிது. அவன் பகலில் தூங்கியதெல்லாம் எங்கள் வகுப்பின் வாய்ப்பாட்டுக் கூச்சலில்தான். இதை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. இன்ஸ்பெக்டர் உள்ளே நுழைந்து, வகுப்பே மூச்சுவிடாமல் எழுந்து நின்ற நேரத்தில், பின்பக்கத்திலிருந்து அவன் அலறல் கேட்டது. அவன் ஆரம்பித்ததும் மற்ற இரண்டும் சேர்ந்துகொண்டன.

இன்ஸ்பெக்டர் கன்னடக்காரர். தடியான கண்ணாடி. என்ன சத்தம் என்று கேட்டார். ஹெட்மாஸ்டர் கூரையைப் பார்த்தார். டீச்சர் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். "உள்ளே கூப்பிடுங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

இரண்டு இடுப்பிலும் இரண்டு, கையில் பிடித்து ஒன்று என்று அம்மா வந்து நின்றாள். முகமெல்லாம் வியர்வை. தம்பி என்னைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டி வீறிட்டான்.

"யார மகு இது?" என்று, யார் குழந்தை என்பதைக் கன்னடத்தில் கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"நம்தே சாமி," எங்களுடையதுதான் என்றாள் அம்மா, குற்றவாளி மாதிரி.

இடத்தைவிட்டு அசையக்கூடாது என்பது ஹெட்மாஸ்டர் உத்தரவு. எல்லாம் போயிற்று என்றே நினைத்தேன். டீச்சர் என்ன நினைத்தாரோ, எங்களைப் பார்த்து, "ரெண்டாம் வாய்ப்பாடு" என்றார்.

ஓரிரண்டு ரெண்டு, ஈரிரண்டு நாலு என்று ஆரம்பித்தோம். நாலிரண்டு எட்டில் தம்பி விசும்பலுக்கு இறங்கினான். ஏழிரண்டு பதினாலில் அவன் தலை அம்மா தோளில் சாய்ந்தது. போதும் என்று இன்ஸ்பெக்டர் கையைக் காட்டினார். நிறுத்தினோம். உடனே மறுபடி அலறல்.

"சொல்லுங்க, சொல்லுங்க," என்றார் அவர் அவசரமாக.

மூன்றாம் வாய்ப்பாடு போயிற்று, நாலாம் வாய்ப்பாடு போயிற்று. ஐந்தில் மூன்று குழந்தைகளும் கண்ணை மூடியிருந்தன. அன்றைய பரீட்சை அவ்வளவுதான், வேறு எதுவும் அவர் கேட்கவில்லை. இவர்களை எங்கே படுக்கவைப்பீர்கள் என்று கிசுகிசுத்தார். டீச்சர் அலமாரியைத் திறந்து, ஒளித்து வைத்திருந்த புடவைகளை வெளியே எடுத்தார். நாற்காலியை இன்ஸ்பெக்டரே பிடித்துக்கொள்ள, டீச்சர் அதன்மேல் ஏறித் தூளி கட்டினார்.

"இர்லி பிடி, சார்," என்று ஹெட்மாஸ்டரிடம் சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் அடுத்த வகுப்புக்குப் போனார். இருக்கட்டும், விட்டுவிடுங்கள் என்று அர்த்தம். நான் கற்ற கன்னடத்தில் இன்றும் எனக்குப் பிடித்த வார்த்தை அதுதான்.

அம்மாவுக்கு மட்டும் மனம் ஆறவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் புலம்பினாள்.

"என் வயித்துல பொறந்தது என் கையில நிக்கல, வாய்ப்பாட்டுக்குத் தூங்குதே." வாசலில் நின்று கொஞ்சம் யோசித்தாள். "எனக்கும் அத சொல்லிக்குடு. ஞாயித்துக்கெழமை நானே தூங்க வெக்கிறேன்."

சொல்லிக்கொடுத்தேன். தம்பிக்காக ஆரம்பித்தவள் பத்தாம் வாய்ப்பாடு வரை நிறுத்தவில்லை.

தம்பி வளர்ந்து, அதே டீச்சரிடம் முதல் வகுப்பில் சேர்ந்தான். முதல் வாரமே டீச்சர் இரண்டாம் வாய்ப்பாட்டை எடுத்தார். ஈரிரண்டு நாலு என்பதற்குள் அவன் பலகையில் சரிந்து தூங்கிவிட்டான். உலுக்கியும் எழுந்திருக்கவில்லையாம். அவன் அக்காவைக் கூட்டி வா என்று ஆள் அனுப்பினார்கள். நான் ஐந்தாம் வகுப்பிலிருந்து எழுந்து போனேன். எங்கள் சந்தில் அதுவரை எந்தப் பெண்ணும் ஐந்தாம் வகுப்பில் உட்கார்ந்ததில்லை.