முன் வரிசையில் அப்பா

1. காது கேட்கும் கருவி வாங்கிய பிறகு முதல் தடவையாக அப்பாவைக் கச்சேரிக்கு அழைத்துப் போனேன்.
2. நன்றாகக் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே, முன் வரிசையில் உட்கார வைத்தேன்.
3. திரும்பும்போது ஒரு வேன் அவரை இடிக்கப் பார்த்தது.

தோவாளையில் கோவில் திருவிழா. எனக்குச் சங்கீதம் பெரிதாகத் தெரியாது. கேட்கப் பிடிக்கும், அவ்வளவுதான். அப்பா கச்சேரி முழுவதும் தொடையில் தாளம் போட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்தார். எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

முடிந்ததும் பஸ் நிறுத்தத்துக்குச் சாலையைக் கடந்தோம். பூக்கூடைகள் ஏற்றிய வேன் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. நான் நின்றுவிட்டேன். அப்பா நடந்துகொண்டே இருந்தார். நான் சட்டையைப் பிடித்து இழுத்ததில் பொத்தான் தெறித்தது. வேன் உரசுவதுபோலத் தாண்டிப் போனது.

அவர் முகத்துக்கு நேரே நின்று, "ஹாரன் கேக்கலியாப்பா?" என்றேன்.

"மிஷின அணைச்சுல்லா வச்சிருக்கேன் மக்கா. அந்த ஸ்பீக்கர் முன்னால காதுக்குள்ள ஆணி அடிச்ச மாதிரி இருந்துது."

"அப்போ எதைக் கேட்டுத் தலையாட்டுனிய?"

"மிருதங்கக்காரன் கையப் பாத்துதான். நீ ஆசையா கூட்டிட்டு வந்திருக்க. எந்திரிச்சுப் போவச் சொல்லுகியா?"

நான் மின்னணுவியல் படித்தவள். கருவி சத்தத்தைப் பெருக்கும் என்று தெரிந்தும், ஒலிபெருக்கியின் முன்னால் அவருக்கு எப்படி இருக்கும் என்று யோசிக்கவில்லை. அவரிடம் கேட்கவும் இல்லை.

இப்போதெல்லாம் உட்காரும் இடத்தை அப்பாதான் தேர்ந்தெடுக்கிறார். பெரும்பாலும் கடைசி வரிசை. கச்சேரி முடிந்து கிளம்பும்போது அவர் பின்னால் நின்று மெதுவாக, "அப்பா" என்று கூப்பிடுகிறேன். அவர் திரும்பிப் பார்த்த பிறகுதான் இருவரும் சாலையில் இறங்குகிறோம்.