படிக்க முடியாத பிளாப்பிகளும் ஆவுடையம்மாளின் வாக்குமூலமும்

ஆவுடையம்மாள் செவ்வாய்க்கிழமை காலை தென்காசியில் ஒரு மருத்துவமனையில் இறந்தார். செங்கோட்டையிலிருக்கும் அவருடைய தம்பி சங்கரன் தொலைபேசியில் இதைச் சொன்னார். சிறுநீரகக் கோளாறு. வயது நாற்பத்தேழு. தகனம் அன்று மாலையே முடிந்தது. அவர் வேலை பார்த்த நிறுவனத்திலிருந்து யாரும் வரவில்லை. குற்றாலத்தில் அருவிக் கரையைக் கழுவும் பதினேழு பெண்களும் வந்திருந்தார்கள்.

அவரை அறிந்தவர்களுக்கு இந்தப் பதினேழு பேரையும் தெரிந்திருக்கும். குளிக்க வருகிறவர்கள் தேய்த்துவிட்டுப் போகிற எண்ணெயைப் பாறையிலிருந்து சுரண்டிக் கழுவுவது இவர்கள் வேலை. துப்புரவைக் குத்தகைக்கு எடுத்த நிறுவனம் இவர்களைத் தினக்கூலிகளாக வைத்திருந்தது. வழக்கு நடப்பதால் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. இரண்டு ஆண்டுகளில் சட்டம் சொல்லும் அளவு நாட்கள் வேலை செய்ததாகக் காட்டினால் வேலை நிரந்தரமாகும். காட்டுவதற்கு வருகைப் பதிவு வேண்டும். அந்தப் பதிவு ஆவுடையம்மாளிடம் இருந்தது.

அவர் அங்கே டைப்பிஸ்டாகச் சேர்ந்தவர். எண்பத்தைந்தில் நிறுவனம் ஒரு கம்ப்யூட்டர் வாங்கியபோது அவரையே அதன் முன்னால் உட்கார வைத்தார்கள். பெண்களின் வருகையைத் தினமும் பிளாப்பியில் ஏற்றினார். ஏற்றி முடித்த நோட்டுகளை மேலாளர் எரிக்கச் சொன்னார். சாரல் ஈரத்தில் அவை பூஞ்சை பிடித்து நாறுகின்றன என்பது காரணம். "ரெண்டு நோட்டையாவது வச்சுக்கிடுவோம் சார்" என்று கேட்டதாக ஆவுடையம்மாள் உள்ளூர் நிருபரான என்னிடம் சொன்னார். "அதான் கம்ப்யூட்டர்ல ஏறியாச்சேம்மா, பொறவு என்ன?" என்பது பதில்.

எண்பத்தெட்டில் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. புதியதை விற்றவரே பழையதை விலையில் கழித்துக்கொண்டு எடுத்துப் போனார். புதியது டாஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தில் ஓடியது. பழையதில் இருந்தது வேறு. பழையது எழுதிய பிளாப்பியைப் புதியதில் செருகினால் பிழை என்று மட்டும் திரையில் வரும். வாங்குவதற்கு முன்னால் இதை யாரும் கேட்கவில்லை, விற்றவரும் சொல்லவில்லை.

மதுரையிலிருந்து வந்த எஞ்சினியர் ஒரு பிளாப்பியைப் போட்டுப் பார்த்தார். "மேடம், இதுல ஒண்ணும் இல்ல. காலி" என்றார். அதை அப்படியே எழுதியும் கொடுத்தார். வெற்றுப் பிளாப்பிக்குத் தட்டுப்பாடான நேரம். "காலிதானே" என்று மூன்று பிளாப்பிகளைப் புது முறைக்கு ஃபார்மட் செய்தார்கள். தொடக்க கால வருகைப் பதிவு அதோடு போனது. கடைசி இரண்டு ஆண்டுகளுக்கான பிளாப்பிகள் இரண்டையும் ஆவுடையம்மாள் மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டு மேலாளருக்கு ஒரு குறிப்பு எழுதினார்: "இவற்றில் பதிவு இருக்கிறது. தயவுசெய்து தொட வேண்டாம்."

அந்த வாரங்களில் அவர் பட்ட பாட்டை நான் நேரில் பார்த்தேன். பழைய சிஸ்டத்தில் நகல் எடுக்க, எங்கே போக வேண்டும் என்பதை முதலில் அடிக்க வேண்டும். எங்கிருந்து என்பது பிறகு. டாஸில் அது தலைகீழ். மூன்று ஆண்டுப் பழக்கத்தை விரல் விடுமா? ஒரு நாள் பழைய கடிதம் ஒன்றைப் புதிய கடிதத்தின் மேல் ஏற்றிவிட்டார், புதியது அழிந்தது. ஒரு மணி நேரத்தில் திரும்ப அடித்தும் கொடுத்தார். யாருக்கும் தெரிந்திருக்காது. அவராகவே மன்னிப்புக் கடிதம் எழுதி மேலாளர் மேஜையில் வைத்தார். "தப்பு என் மேலதான அண்ணாச்சி? மிஷின் மேலயா எழுத முடியும்?" என்று சிரித்தார். அந்தக் கடிதத்தை மேலாளர் பத்திரமாக வைத்திருந்தார்.

பெண்கள் நிரந்தரம் கேட்டபோது, வருகைப் பதிவு எதுவும் இல்லை என்று நிறுவனம் பதில் கொடுத்தது. எஞ்சினியர் எழுதிய "காலி" அதற்குச் சான்று. அவர்களில் மூத்தவரான மாடத்தி ஆவுடையம்மாள் வீட்டு வாசலில் நின்று சத்தம் போட்டார். "ஏக்கா, நாங்க வேலை பாத்தது அந்தப் பொட்டிக்குத் தெரியலயாம்லா? எண்ணெயில வழுக்கி வுழுந்து என் இடுப்பு ஒடிஞ்சுதே, அதையாவது எழுதிச்சா?"

"எல்லாம் எழுதியிருக்கு மாடத்தி. இவங்களுக்குப் படிக்க முடியலேன்னா நான் எழுதலேன்னு ஆயிருமா?"

அந்த இரண்டு பிளாப்பிகளோடு நானும் அவரும் பழைய சிஸ்டம் உள்ள மிஷினைத் தேடிப் போனோம். கடையநல்லூரில் துபாயிலிருந்து ஒருவர் கொண்டுவந்த கம்ப்யூட்டர் இருந்தது. அது மூன்றாவது வகை, பிளாப்பியே போடாது. புளியங்குடியில் ஓர் எலுமிச்சை மண்டியில், நிறுவனத்தில் இருந்த பழைய கம்ப்யூட்டரின் அதே மாடல் இருந்தது. "நீங்க இன்னும் மாத்தலையா?" என்று ஆவுடையம்மாள் கேட்டார். மண்டிக்காரர் தலையில் கை வைத்தார். "மாத்துங்க மாத்துங்கன்னு வாரவன் எல்லாம் சொல்லுதான். எனக்கு இதுவே இப்பந்தான் பழகுது தாயி. நீங்க போட்டுப் பாருங்க."

பிளாப்பி சுழன்றது. முதல் பெயர் வந்தது. மாடத்தி. ஆவுடையம்மாள் திரையைத் தொடப் போய்க் கையை இழுத்துக்கொண்டார். இரண்டு ஆண்டு வருகையும் மண்டியின் காகிதத்தில் அச்சாயிற்று.

பெண்கள் போட்ட வழக்கில், அந்தக் காகிதம் போதாது என்றது எதிர்த்தரப்பான நிறுவனம். எலுமிச்சை மண்டியில் அடித்த காகிதத்தை யார் வேண்டுமானாலும் அடிக்கலாம் என்று வாதாடினார்கள். அது எந்தப் பிளாப்பியிலிருந்து வந்தது, அதில் ஏற்றியது யார் என்று சொல்லக் கூடியவர் ஒருவர்தான். அவர் எழுத்தில் வாக்குமூலம் கொடுத்தார். அப்போது அந்த மன்னிப்புக் கடிதத்தை வெளியே எடுத்தார்கள். ஒரு கடிதத்தை அழித்தவர் வருகைப் பதிவையும் அழித்திருப்பார், அதை மறைக்கக் காகிதம் தயாரிக்கிறார் என்றார்கள். குறுக்கு விசாரணைக்கு அவர் ஆயத்தமாக இருந்தார். எதிர்த்தரப்பு மூன்று முறை வாய்தா வாங்கியது. மூன்றாவது வாய்தாவின்போது அவர் மருத்துவமனையில் இருந்தார்.

புதுக் கம்ப்யூட்டர் வந்தபோது படத்தோடு செய்தி போட்டவன் நான். நிறுவனம் கொடுத்த குறிப்பைக் கொஞ்சம் சுருக்கினேன், அவ்வளவுதான். மறுநாள் ஆவுடையம்மாள் சொன்னார்: "புதுசு வந்ததை எழுதிட்டிய அண்ணாச்சி. பழசுல இருந்ததெல்லாம் எங்க போச்சுன்னு ஒரு வார்த்த கேக்கலையே." அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தக் கேள்வி. இப்போது எந்தத் திறப்பு விழாவுக்குப் போனாலும் முதலில் அதைத்தான் கேட்கிறேன். இதுவரை யாரும் நேராகப் பதில் சொன்னதில்லை.

குறுக்கு விசாரணை நடக்காத வாக்குமூலத்தைச் சாட்சியமாக ஏற்பதா என்பது முடிவாகவில்லை. கோடை விடுமுறை முடிந்து கோர்ட் கூடியதும், ஜூன் மாதத்தில், உத்தரவு வரும் என்கிறார் பெண்களின் வக்கீல். அருவி சீசனுக்கு நிறுவனம் ஆள் எடுப்பதும் அந்த மாதம்தான். உத்தரவு அதற்குள் வராவிட்டால், பதினேழு பேரும் வரிசையில் நின்று, புதிய ஆட்கள் என்று பெயர் கொடுக்க வேண்டும்.