ஜெனிக்குப் பேனரில் கட்டிவிட்ட புடவை

ஜெனி செத்துப்போய்விட்டாள்.

"இறைவனடி சேர்ந்தார்" என்று எழுதுகிற வயதா அவளுக்கு... நேற்று மத்தியானம் கிளியனூர் தாண்டி ஒரு டிப்பர் லாரி. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் போஸ்ட்மார்ட்டம் முடித்து இன்று காலையில்தான் கொடுத்தார்கள். சாயங்காலம் கல்லறையில் வைத்துவிட்டு வந்து இதை டைப் பண்ணுகிறேன்.

உங்களில் பாதிப் பேருக்கு அவளைத் தெரியாது. ஜெர்மனியில் படித்த அந்த ஒரு வருடம் என் ரூம்மேட். நான் திண்டிவனம், அவள் கிளியனூர். ஒரே பஸ் ரூட்டில் வளர்ந்துவிட்டு, முதன்முதலாகப் பார்த்துக்கொண்டது அங்கே ஒரு ஹாஸ்டல் கிச்சனில்.

"அடிப்பாவி, திண்டிவனமா நீ? பஸ் ஸ்டாண்டுலயே பாத்துக்கினு இருந்திருக்கலாமே. இம்மாந்தூரம் பிளைட் ஏறி வந்தா உன்ன பாக்கணும்?" என்றாள். அன்றைக்கு ஆரம்பித்த சிரிப்பு.

அவள் அப்பா வானூர்ப் பக்கம் வீடு கட்டும் மேஸ்திரி. ஒரே கண்டிஷன் போட்டுத்தான் அனுப்பினார். படிக்கணும், வரணும், ஊர் சுத்தக் கூடாது.

இவளா கேட்பாள்? வெள்ளிக்கிழமை கிளாஸ் முடிந்ததும் பையைத் தூக்கிவிடுவாள். ஸ்டூடண்ட் பாஸ், இருப்பதிலேயே சீப்பான பஸ், ஃபாயில் பேப்பரில் லெமன் சாதம். அந்த வாசனைக்குப் பக்கத்து சீட் வெள்ளைக்காரர் எழுந்து போனால், "நல்லதாப் போச்சு, காலை நீட்டிக்கோ" என்பாள்.

சனிக்கிழமை சாயங்காலம் அப்பாவின் வீடியோ கால் வரும். எந்த ஊரில் இருந்தாலும் ஜெனி உடனே ஒரு வெள்ளைச் சுவரைத் தேடி ஓடுவாள். ஜாக்கெட் மேல் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றால்... ரூம் ரெடி. "படிச்சிக்கினு இருக்கேம்ப்பா."

பிராகில் ஒருமுறை அப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போதே பெரிய சர்ச் மணி அடித்துவிட்டது. "இன்னா சத்தம்?" என்றார் அப்பா. "பக்கத்துல கோயில்ப்பா, பூசை மணி." அவருக்கு அவ்வளவு சந்தோஷம். "பூசைக்குப் போய்ட்டு வாம்மா" என்றார்.

போனை வைத்ததும் நிஜமாகவே உள்ளே போய் முட்டி போட்டாள். கண்ணில் தண்ணீர். வெளியே வந்ததும் ஐஸ்க்ரீம். இதுதான் ஜெனி.

ஹாலந்து கடற்கரையில் பேன்ட்டை மடித்துக்கொண்டு தண்ணீருக்குள் ஓடினாள். கை இல்லாத டாப்ஸ், முகமெல்லாம் முடி, உதடு நீலமாகிவிட்டது. மரக்காணம் கடல் இவ்வளவு கிட்டே இருந்தும் கணுக்காலுக்கு மேல் நனைக்க வீட்டில் விட்டதில்லையாம்.

அந்தப் போட்டோவை எடுத்தது நான். "வீட்டுக்கு மட்டும் தெரியக் கூடாதுடி, சத்தியம் பண்ணு" என்றாள். பண்ணினேன்.

இன்று காலை கண்ணீர் அஞ்சலி பேனருக்குப் போட்டோ வேண்டுமென்று அவள் மாமா என்னைத் திண்டிவனம் ஃப்ளெக்ஸ் கடைக்கு வரச்சொன்னார். அவள் போன் லாரி அடியில் போய்விட்டது. வீட்டில் இருப்பது ஆதார் போட்டோதான்... அதில் அவள் மாதிரியே இருக்க மாட்டாள்.

என் போனைத் தள்ளித் தள்ளிப் பார்க்கிறேன். அத்தனையும் ஊர் சுற்றியவை. ரூமில் எடுத்தது ஒன்றுகூட இல்லை. ரூமை யார் போட்டோ எடுப்பார்கள்?

வேறு வழியில்லாமல் கடல் போட்டோவைக் காட்டினேன். மாமா முகம் சுண்டிப்போனது. "இன்னாம்மா இது, கையில்லாத சட்டை... இத எப்படி ரோட்ல வெக்கிறது?"

கடைக்காரர் நிதானமாகச் சொன்னார். "முகம் நல்லா கீதுங்க. முகத்த மட்டும் எடுத்து பட்டுப்பொடவ போட்டுடலாம். கலர் மட்டும் சொல்லுங்க."

கம்ப்யூட்டரில் வரிசையாகத் தலையில்லாத புடவைகள். மாமா மெரூன் என்றார். பறந்த முடியைச் சீவி, கடலை எடுத்துவிட்டு, பின்னால் மாதாவையும் புறாவையும் வைத்தார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. சாவுக் காரியத்தில் சண்டை போட முடியுமா?

அடக்கம் முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு அவள் அப்பா அந்த பேனர் கிட்டேயே நின்றுகொண்டிருந்தார். என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, இந்தப் பொடவ எங்க வூட்ல இல்லியே."

"அது கடைல போட்டதுப்பா."

"அப்ப நெசப் படம் எங்க?"

சத்தியம் பண்ணியவள் நான். ஆனால் கேட்கிறவர் அப்பா. காட்டினேன்.

போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். "எந்தக் கடலு?"

"ஹாலந்துப்பா. ஒரு சனிக்கிழம போனோம்."

"சனிக்கிழமையா... ரூம்ல படிச்சிக்கினு இருக்கேன்னுச்சே."

நான் எதையும் மறைக்கவில்லை. போன ஊர்களையெல்லாம் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். ஒவ்வொரு ஊர்ப் பேரையும் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார், அவ்வளவுதான்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுப் போயிருக்கலாம்" என்றார்.

அப்புறம் அவரே... "கேட்டிருந்தா வேணாம்னுதாம்மா சொல்லியிருப்பேன்."

அப்படியே ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார். நானும் கூட உட்கார்ந்து அழுதேன்.

எழுந்திருக்கும்போது, "இன்னும் படம் இருக்குதா?" என்றார். இருக்குதுப்பா என்றேன். "எல்லாத்தையும் அனுப்பு."

அனுப்பிவிட்டேன் ஜெனி. ஒன்று விடாமல். இப்போது ஒவ்வொன்றாக ப்ளூ டிக் விழுந்துகொண்டிருக்கிறது.

போய்ட்டு வாடி.